பார்த்தவர் முடிக்க வேண்டும்

இந்த அறையின் அந்த மூலையில் ஓதம் ஏறியிருக்கிறது, ஐயா. அலமாரியை நகர்த்திப் பாருங்கள், சுண்ணாம்பு பொரிந்து மாவாகக் கொட்டியிருக்கும். மேலே தண்ணீர்க் குழாய் ஏதாவது போகிறதா? மழை பிடிப்பதற்குள் ஆளை விட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இப்போது ஒரு சட்டி சிமென்ட்டில் முடிகிற வேலை, விட்டால் சுவரையே இடிக்க வைக்கும். தப்பாக நினைக்காதீர்கள். எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் மூலைக்குத்தான் போகிறது. என் மனைவி இருந்தவரை, "யார் வீட்டுக்காவது போனா மனுஷங்க முகத்தைப் பாருங்க, அவங்க கூரையைப் பார்க்காதீங்க" என்று தொடையில் கிள்ளுவாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை, நானாகத்தான் வந்தேன். என் மகள் மாடியிலிருந்து விழுந்தது விபத்து என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாப்பிள்ளை நம்புகிறார், டாக்டர் நம்புகிறார், பக்கத்து வீட்டு டீச்சரம்மா நம்பி எனக்கு இரண்டு வேளையும் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார். அது விபத்து இல்லை. மனசு உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் வந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நடுவில் தொடங்கினால் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் லிஃப்ட் சோதிக்கிற வேலை பார்த்தவன். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு சரியாகப் பூட்டுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்துப் போட்ட அட்டை உள்ளே தொங்கினால் ஜனங்கள் ஒன்றும் யோசிக்காமல் ஏறிப் போவார்கள். கைக்குழந்தையோடு ஏறுவார்கள். அதைப் பார்த்தால் பிரேக்கை இன்னொரு தடவை சோதித்துவிட்டுத்தான் கிளம்புவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஃபோர்மேன் ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். கோளாறைப் பார்த்தவன்தான் அது சரியாகும்வரை அந்த இடத்தில் இருக்க வேண்டும். நேரம் முடிந்துவிட்டது, வீட்டில் விருந்தாளி என்று இன்னொருவனிடம் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. "கைமாறும்போதுதான்டா ஆள் சாகிறான்" என்பார். நான் அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை.

வீடு கட்டியதும் அதையே வீட்டுக்கும் வைத்தேன். மழைக்கு முன் ஒரு தடவை, வெயிலுக்கு முன் ஒரு தடவை, நாங்கள் மூன்று பேரும் வீட்டைச் சோதிப்போம். மனைவி சோப்பு நுரையைக் குழைத்து அடுப்புக் குழாயின் இணைப்பில் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பாள். ஸ்விட்சுகளும் மொட்டைமாடியும் என் பங்கு. மகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலேயே ஒரு மரக்கரண்டி கொடுத்துவிட்டேன். மண்டி போட்டுத் தரைக்கல்லைத் தட்டிக்கொண்டே போவாள். உள்ளே காலியாக இருக்கும் கல் வேறு மாதிரி ஓசை கொடுக்கும். அப்படி டொக் டொக்கென்று தட்டித் தட்டி அவளுக்கு டொக்கி என்றே பெயர் வந்துவிட்டது. இன்று வரை நாங்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

ஒரு தடவை கூடத்தில் காலிக்கல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு அவள் தோழிக்குப் பிறந்த நாள், புதுக் கவுன் போட்டுத் தயாராக நின்றாள். கொத்தனார் சாயங்காலம்தான் வந்தார், வேலை முடிய இருட்டிவிட்டது. அதுவரை அந்தக் கல்லின் பக்கத்திலேயே அவளை உட்கார வைத்தேன். விக்கி விக்கி அழுதாள். "குழந்தையை இப்படிப் படுத்தறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று மனைவி சண்டைக்கு வந்தாள். பார்த்தவர் முடிக்க வேண்டும், குழந்தைக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டமா என்று கேட்டேன். மறுநாள் டொக்கியே அந்தக் கல்லைக் காட்டி, "நான்தான் இதைச் சரி பண்ணினேன்" என்று டீச்சரம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு எது பழகுகிறதோ அது பிடித்துவிடும்.

கைப்பிடிக் கம்பியை எப்படிச் சோதிப்பது என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். உடம்பைச் சாய்க்கவே கூடாது. இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள்.

மனைவி போனது வேறு கதை. முதுகு வலிக்கிறது என்று ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் சொன்னாள். சோதனை முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்றேன். அந்தத் தடவை மொட்டைமாடியில் விரிசல் அதிகம். நாங்கள் டாக்டரிடம் போகும்போது வியாதி முற்றிவிட்டிருந்தது. கூரையில் மயிரிழை விரிசலைக்கூட விடாதவன், பக்கத்தில் படுத்திருந்தவளை விட்டுவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

மகள் அதற்குள் கல்யாணமாகி, பஸ்ஸில் பாதி நாள் தூரத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். ஆனாலும் சோதனைக்குத் தவறாமல் வருவாள். அம்மா போன மறு வருஷமும் வந்தாள். வீட்டை இரண்டு பேரும் தலைகீழாகப் புரட்டினோம். ஒரு குறையும் இல்லை. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. "வீடு கல்லு மாதிரி இருக்குப்பா. இனிமே எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிவிட்டு அன்று மாலை பஸ்ஸுக்கே கிளம்பினாள். வாசலில் நின்று கையசைத்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். கூடத்தில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டேன், ஐயா. யாரும் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டேன். ஒரு வீட்டை அவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டது என் தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த சோதனைக்கு முன்னால், கொல்லைப்புறக் குழாயின் வாஷரில் பிளேடால் ஒரு கீறல் போட்டேன். அவ்வளவுதான். டொக்கி வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். அந்த அளவு வாஷர் கடையில் இல்லை என்று நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். கடைக்கே நான் போகவில்லை, தெருமுனை வரை போய் நின்றுவிட்டு வந்தேன். பார்த்தவர் முடிக்க வேண்டுமே. அவள் பையை உள்ளே வைத்துவிட்டு, "சரி, நாளைக்குப் போறேன். ராத்திரி என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டாள். அன்று நான் தட்டைக் கழுவிக்கூடக் கவிழ்க்கவில்லை. அவள்தான் எல்லாம் செய்தாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் பழகிவிட்டது. மொட்டைமாடி வடிகாலில் துணி திணித்தால் இரண்டு நாள் தங்குவாள். குளியலறைக் கல்லைப் பெயர்த்து வைத்தால் பூச்சு காய்கிறவரை இருப்பாள். ஒரு தடவை ஹீட்டரைக் கழற்றிக் கெடுத்து ஒரு வாரம் சம்பாதித்தேன். ஆபத்தான எதிலும் நான் கை வைத்ததில்லை. என் வேலை அப்படிப்பட்டது, அதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அவள் கண்டுபிடிக்கிற மாதிரி வைப்பேன். ரொம்ப சுலபமாகவும் வைக்க மாட்டேன், அவளுக்கு அவமானமாக இருக்கும்.

மாப்பிள்ளை நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடி இல்லை, கோபம் இல்லை, என்னை மாமா மாமா என்று மரியாதையாகப் பேசுவார். ஒரே ஒரு பழக்கம், எங்கே நின்றாலும் எதன்மேலாவது சாய்ந்துகொண்டுதான் போன் பேசுவார். சுவர், கதவு, பிரிட்ஜ், எது கிடைத்தாலும். அவருக்குக் கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்தது. இரண்டு பேருமாக வந்து சொன்னார்கள். "அங்க எல்லாம் வாடகை வீடு மாமா. ஏதாவது உடைஞ்சா போன் பண்ணா ஆள் வருவான். நம்ம டொக்கிக்கு இனிமே ரெஸ்ட்டுதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் தூங்கப் போனதும் மகளிடம் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை, வாய்விட்டே கேட்டேன். போகாதே பாப்பா என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். ஒரு அப்பா மகளிடம் எவ்வளவு கெஞ்சலாமோ அவ்வளவும் கெஞ்சினேன், அதற்கு மேலும் கெஞ்சினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வருஷத்துக்கு ஒரு தடவை வருவேன்ப்பா. இல்லாட்டி நீங்க என்கூட வந்துடுங்க. வீட்டைப் பூட்டிடலாம்" என்றாள். பூட்டிய வீடு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? நானே சொல்லிக்கொடுத்ததுதானே. கடைசியில் மழைக்கு முந்தின சோதனைக்கு மட்டும் வந்துவிட்டுக் கிளம்புவதாக ஒத்துக்கொண்டாள். அதை எனக்குப் போட்ட பிச்சையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த நாள் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை, ஐயா. வாஷரும் வடிகாலும் இனி உதவாது. ஒரு வாரம் போதாது, ஒரு மாதம் போதாது. விமானம் போய்விட வேண்டும், வேலை வேறு ஆளுக்குப் போய்விட வேண்டும். வீட்டில் எதை உடைத்தால் அவ்வளவு நாள் பிடிக்கும் என்று அறை அறையாக யோசித்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. எதை உடைத்தாலும் ஆள் வைத்துச் சரி செய்துவிட முடியும்.

ஒரு கால் உடைந்தால் மூன்று மாதம் ஆகும்.

முதல் மாடிக்குப் பின்னால் ஒரு நடைபாதை உண்டு, ஓரத்தில் இரும்புக் கைப்பிடிக் கம்பி. கம்பியின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தகடு, தகட்டைத் தரையோடு போல்ட்டும் நட்டும் பிடித்திருக்கும். நடுப்பகுதியின் நட்டுகளை மட்டும் கழற்றினேன். எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றியதால் ஒரு கீறல்கூட விழவில்லை. பார்வைக்குக் கம்பி நின்றபடியே நிற்கும். கையால் ஆட்டினால் உடனே தெரிந்துவிடும். சாய்ந்தால்தான் போகும். கழற்றிய நட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், பிறகு திரும்பப் பூட்ட வேண்டுமே. இதோ, மேசையில் வைக்கிறேன். கம்பியோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே பூச்செடி போட்ட மண் இருக்கிறது. மண்ணில் விழுந்தால் ஒரு கால், மிஞ்சிப்போனால் ஒரு கை. அதுதான் என் கணக்கு. பூச்செடிக்கு நடுவில் தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் மேடை இருப்பதை மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உங்களிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை. அந்த மேடையை நான்தான் கட்டினேன்.

சோதனை நாளன்று பங்கை மாற்றிக் கொடுத்தேன். கைப்பிடிக் கம்பி எப்போதும் டொக்கியுடையது. அன்று அவளை அடுப்புக் குழாய்க்கு அனுப்பிவிட்டு, "மாப்பிள்ளை, கடைசித் தடவை, நீங்களும் ஒண்ணு பாருங்க. பின்னாடி மாடில கம்பி துரு பிடிச்சிருக்கான்னு மட்டும் பாருங்க போதும்" என்றேன். அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் படியேறினார். நான் கொல்லைப்புறம் போய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அடிபட்டவுடன் தூக்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே மகளின் குரல் கேட்டது. அவள் அடுப்பை விட்டுவிட்டு ஏன் மேலே போனாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கையில் சோப்பு நுரை வடிந்துகொண்டிருந்தது. "நீங்க கீழ போங்க. உங்களுக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது" என்று அவரை விரட்டினாள். "மாமா என்னைத்தானே பார்க்கச் சொன்னார்" என்றார் அவர். "போங்கன்னா போங்க, நான் பார்த்துக்கறேன்." அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கும் சத்தம் கேட்டது. அவள் கம்பியருகே வந்தாள். கீழே என்னைப் பார்த்தாள். பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள்.

சாயாதே என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

இந்த இடத்தை நீங்கள் மெதுவாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் நிறைய யோசித்துவிட்டேன், சரியாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், கையால் ஆட்டிப் பார்ப்பாள் என்று நம்பினேன். அது உண்மை. பிறகு, கத்தினால் மாப்பிள்ளைக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தேன். அதுவும் உண்மை. அப்புறம் இன்னொன்று தோன்றியது. இவள் விழுந்தாலும் பயணம் நிற்கும் என்று தோன்றியது. ஒரு நிமிஷம்கூட இல்லை, ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் தோன்றியது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவள் போல்ட்டுகளை வெளிப்பக்கமிருந்து பார்ப்பதற்காகக் கம்பியின்மேல் வயிற்றைச் சாய்த்துக் குனிந்தாள்.

மேடையின் விளிம்பில் முதுகு பட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லும்போது என் கை சட்டைப் பையில் இருந்தது. உள்ளே நட்டுகள் சூடாக இருந்தன. மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு, "நான் அங்கேயே நின்னிருக்கணும் மாமா, என்னை மன்னிச்சிடுங்க" என்று தேம்பினார். பரவாயில்லை என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஒரு நாள் அவர் மருந்து வாங்கப் போனபோது மகளும் நானும் தனியாக இருந்தோம். அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"வாஷர்லேந்து எல்லாம் எனக்குத் தெரியும்ப்பா. பிளேடு போட்ட வெட்டும் தேஞ்ச வெட்டும் எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லிக்கொடுத்ததுதானே."

நான் அவள் போர்வையை இழுத்துச் சரி செய்தேன்.

"நீங்க பங்கை மாத்தினதும், அங்க என்னமோ வெச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுது. அவர் பார்த்து உங்களைத் தப்பா நினைச்சிடக் கூடாதுன்னுதான் ஓடினேன்."

"கையால ஆட்டிப் பார்க்கணும்னு சொல்லியிருக்கேனே, பாப்பா" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"நீங்க சின்னதாத்தானே வெப்பீங்க. அதான் சாஞ்சேன்."

பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கம்பி துருப்பிடித்துப் போயிருந்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். "யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா. அவருக்குத் தெரிஞ்சா உங்க முகத்துலயே முழிக்க விடமாட்டார். நீங்க இங்க தனியா எப்படி இருப்பீங்க?" என்றாள். சரி என்று சத்தியம் செய்து கொடுத்தேன். இன்றைக்குத்தான் அதை உடைத்திருக்கிறேன்.

ஏனென்றால், அவர்கள் அப்படியும் கிளம்புகிறார்கள், ஐயா. அந்தக் கம்பெனி மாப்பிள்ளைக்காக வேலையைக் காத்து வைத்திருக்கிறது. அங்கே இந்த மாதிரி அடிபட்டவர்களுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம். சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போகலாமாம். இந்த வாரமே புறப்பாடு. நேற்று அவர்கள் பெட்டி கட்டுகிற சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கு இனி நடக்க வராது, அப்படியும் என்னை விட்டுப் போகிறாள். நான் இதற்கு மேல் எதைக் கழற்றுவது, நீங்களே சொல்லுங்கள்.

உள்ளே வருவதற்கு முன் உங்கள் வாசலில் நிற்கும் காவலரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். முக்கியமான சாட்சி நாட்டை விட்டுப் போகலாமா என்று கேட்டேன். "அதெப்படிங்க போக முடியும்? கேஸ் முடியற வரைக்கும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிக்கணுமே" என்றார். நல்ல மனுஷர், உட்கார நாற்காலி கூடப் போட்டுக் கொடுத்தார்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். நட்டுகளைக் கழற்றியது நான். பார்த்துக்கொண்டு சும்மா நின்றதும் நான். ஆனால் கோளாறைப் பார்த்தவள் என் மகள். வாஷர் முதல் கம்பி வரை எல்லாவற்றையும் பார்த்தவள் அவள் ஒருத்திதான், அவள் இல்லாமல் இந்தக் கேஸ் நிற்காது. விமானம் ஏறுவதற்குள் அவளுக்குச் சம்மன் அனுப்பிவிடுங்கள், விலாசம் சொல்கிறேன். இந்த மாதிரி கேஸ் சாதாரணமாக எவ்வளவு காலம் இழுக்கும், ஐயா? எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.